அமைதி, நீதி, நல்வாழ்வு: மூன்றையும் ஒரே முதுகலைப் படிப்பில் கற்க முடியுமா?

பாதைதேடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் உளசமூக ஆதரவுப் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். வெளிநாட்டில் முதுகலை படிக்க இரண்டு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்று ஓராண்டுப் படிப்பு. அதன் பெயரிலேயே அமைதி, நீதி, நல்வாழ்வு மூன்றும் இருக்கின்றன. மற்றது ஈராண்டு, அமைதி மற்றும் மோதல் ஆய்வு. அதில் பாதிப் பாடங்கள் ஆய்வுமுறையும் புள்ளியியலும்தான்.

முதல் படிப்பின் கையேட்டைப் படித்தால் தேனாக இனிக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் புல்வெளியில் வட்டமாக அமர்ந்து சிரிக்கும் மாணவர்கள். பாடத்திட்டம் மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. இத்தகைய படிப்புகளில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? நல்வாழ்வு என்பது பின்னால் ஒட்டவைத்த சொல்லா, அதற்கென்று ஒரு பாடம் இருக்கிறதா? படித்தவர்கள், அருகிலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கசப்பான பதிலாக இருந்தாலும் பரவாயில்லை.

எதிர்வாதி

கசப்பாகவே சொல்கிறேன். நான் வழக்கறிஞர். அமைதிக்குப் பட்டம் கொடுப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தெரிந்திருக்கிறது. போரை நிறுத்துகிறவர்கள் ஆயுதம் வைத்திருப்பவர்களும் அவர்களுக்குப் பணம் கொடுப்பவர்களும். பாதிக்கப்பட்டவருக்கு நீதி வாங்கித் தர சட்டம் தெரிய வேண்டும். நல்வாழ்வுக்கு மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் கலந்து ஒரே ஆண்டில் படித்து வருகிறவருக்கு மூன்றில் எதுவும் கைவராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? உங்களிடம் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. அதில் மேலே போங்கள்.

மேசைவிளக்கு

எதிர்வாதி சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதி, இந்தத் துறையை வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்வது. நான் அந்த ஈராண்டு வகைப் படிப்பை முடித்தவன்.

அமைதி ஆய்வு அறவுரை வகுப்பு அல்ல. நார்வே நாட்டு ஆய்வாளர் யோஹான் கால்டுங்கும் சிலரும் சேர்ந்து 1959இல் ஓஸ்லோவில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1964இல் அங்கிருந்து ஓர் ஆய்விதழ் வரத் தொடங்கியது. 1966இல் ஸ்டாக்ஹோமில் சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம், 1971இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை, 1973இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு துறை. எல்லாமே பனிப்போரின் அணுகுண்டு அச்சத்துக்கு நடுவே முளைத்தவை. நோயை ஆராய்வதுபோல் போரையும் ஆராய முடியாதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1969இல் கால்டுங் எழுதிய கட்டுரையை இன்றும் முதல் மாதத்திலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். துப்பாக்கிச் சத்தம் நின்றால் அது எதிர்மறை அமைதி. மனிதர்களைப் பட்டினியிலும் நோயிலும் தள்ளும் ஏற்பாடுகளும் நீங்கினால்தான் நேர்மறை அமைதி. கொல்வதற்கு ஓர் ஆள் வேண்டியதில்லை, ஓர் அமைப்பே கொல்லும் என்பதைத்தான் அவர் கட்டமைப்பு வன்முறை என்றார்.

கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் படிப்பின் பெரும்பகுதி இப்படி இருக்காது. ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். உப்சாலாவின் மோதல் தரவுத் திட்டம் உலகமெங்கும் பயன்படுகிறது. ஒரு மோதலில் ஓர் ஆண்டில் நேரடியாக இறந்தவர்கள் 25ஐத் தொட்டால் அது பட்டியலில் ஏறும். 1,000ஐத் தொட்டால் போர் எனப்படும். எங்களுக்கு ஒரு செய்திக் குறிப்பைக் கொடுத்து அதே முறையில் பதியச் சொன்னார்கள். மலைப்பாதையில் தாக்குதல், படையினர் உட்படப் பலர் பலி, அருகிலுள்ள நகரின் பெயர், அரசுத் தரப்பு ஓர் எண், எதிர்த்தரப்பு அதைப்போல் மூன்று மடங்கு. குறைந்த மதிப்பீடு, சிறந்த மதிப்பீடு, அதிக மதிப்பீடு என்று மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதற்குத் தனிக் குறியீடு. தாக்கியவர் யாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த நிகழ்வையே வெளியே வைக்க வேண்டியிருக்கும். வகுப்பில் ஒருவர் கொதித்துப்போனார்: "இறந்தவர் இறந்தவர்தானே, எப்படி வெளியே வைப்பது?" பேராசிரியர் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. இந்தக் கேள்வியையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பாதைதேடி, முகாமில் நீங்கள் எழுதும் அறிக்கைகள் எங்கோ ஓரிடத்தில் இப்படித்தான் எண்ணாகின்றன. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் ஈராண்டுக்குப் போங்கள்.

நீலப்பென்சில்

எதிர்வாதிக்கு ஒரு கேள்வி. சட்டம் தெரிந்தால் போதும் என்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்துதான், நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரிக்க, 1995இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கான சட்டத்தை எழுதினார்கள். அதில் பொதுமன்னிப்புக்கு என்ன நிபந்தனை? குற்றம் அரசியல் நோக்கத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். தெரிந்த உண்மை முழுவதையும் சொல்லிவிட வேண்டும். வருந்தியாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

நான் படித்த நிலைமாறுகால நீதி வகுப்பில், அதாவது போரோ கொடுங்கோல் ஆட்சியோ முடிந்தபின் பழைய குற்றங்களை என்ன செய்வது என்ற பாடத்தில், பொதுமன்னிப்புக் குழுவாக நடித்துப் பார்க்கும் பயிற்சி உண்டு. மூன்று பேர் குழு, ஒருவர் விண்ணப்பதாரர், இருவர் குடும்பத்தினர். விண்ணப்பதாரராக இருந்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புதைத்த இடத்தைக்கூடச் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. குழுவில் எங்களோடு இருந்தவர் பல ஆண்டுகள் வழக்காடியவர். "நிபந்தனை நிறைவேறிவிட்டது, விடுவிக்க வேண்டியதுதான்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். குடும்பத்தினராக நடித்தவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் வந்த நாட்டில் இது நடிப்பல்ல என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதே மனக்கசப்போடுதான், காவல்துறையின் பிடியில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பமும் வேறு சிலரும் 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள், இந்தப் பொதுமன்னிப்பு எங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று. நீதிமன்றம் சட்டத்தையே நிலைநிறுத்தியது. அந்த நீதிபதிகள் செய்தது சரியா? இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை இருந்தால் சொல்லுங்கள்.

எதிர்வாதி

சொல்கிறேன். சரியில்லை. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மன்னிப்புக்கு விண்ணப்பித்தார்கள், 849 பேருக்குக் கிடைத்தது. கிடைக்காதவர்கள் மீதும் விண்ணப்பிக்காதவர்கள் மீதும் வழக்குத் தொடர்வோம் என்பதுதான் பேரம். எத்தனை வழக்குகள் நடந்தன? விரல்விட்டு எண்ணிவிடலாம். பீக்கோ வழக்கில் 1999இல் காவலர்களின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் யாரும் சிறைக்குப் போகவில்லை. சாட்சி சொன்ன குடும்பங்களுக்கு 2003இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஆணையம் பரிந்துரைத்ததோ அதைவிடப் பல மடங்கு. அமைதியின் பெயரால் நீதியை அடகு வைத்தார்கள், மீட்கவே இல்லை. இதைத்தான் உங்கள் வகுப்புகளில் வெற்றிக் கதையாகச் சொல்லித் தருகிறார்கள்.

நீலப்பென்சில்

இல்லை. நீங்கள் இப்போது அடுக்கிய அதே எண்களைத்தான் எங்கள் வகுப்பிலும் பலகையில் எழுதினார்கள். வெற்றிக் கதையாகச் சொல்லும் இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. அப்படிப்பட்ட வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்த வாரமே கொலம்பியாவுக்குப் போனோம். தென்னாப்பிரிக்காவின் குறையைப் பார்த்துக் கற்ற ஏற்பாடு அது. இடையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனம் 2002இல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பெருங்குற்றங்களுக்கு வெறும் மன்னிப்பு கொடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. அரசும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களும் செய்த 2016 ஒப்பந்தத்தில் உருவான அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் படிப்படியாக எடைபோடுகிறது. உண்மையை முழுதாக ஒப்புக்கொண்டால் ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை நடமாட்டக் கட்டுப்பாடு. சிறை இல்லை, ஆனால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் சீரமைப்பு வேலை. காலம் கடந்து ஒப்புக்கொண்டால் அதே காலம் சிறையில். கடைசி வரை மறுத்துக் குற்றம் நிரூபணமானால் இருபது ஆண்டு வரை. இந்த ஒப்பந்தத்தைத்தான் அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்கடித்தார்கள். தண்டனை போதாது என்பது எதிர்த்தவர்களின் முக்கியமான வாதங்களில் ஒன்று. திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானது. அதை மக்களிடம் மறுபடி கொண்டு போகாமல் நாடாளுமன்றத்தின் வழியாக நிறைவேற்றினார்கள்.

இப்போது சொல்லுங்கள். மக்கள் வேண்டாம் என்ற அமைதியை நிறைவேற்றியது நீதியா? எனக்கு இன்றும் முடிவான பதில் இல்லை. ஆனால் அந்த மேசையில் உட்காருபவர் சட்டம் மட்டும் படித்தவராகவோ சமரசம் மட்டும் படித்தவராகவோ இருக்கக்கூடாது என்பதில் ஐயமில்லை.

நெறியாளர்

விவாதம் நன்றாகப் போகிறது. எதிர்வாதி, "உங்கள் வகுப்புகள்" என்று ஆளைச் சுட்டாமல் பேசினால் இன்னும் நன்றாக இருக்கும். இழையைத் தொடங்கியவரின் நல்வாழ்வுக் கேள்வி அந்தரத்தில் நிற்கிறது.

உப்புக்காற்று

அதற்குத்தான் வந்தேன். பொதுச் சுகாதாரம் என் துறை. நல்வாழ்வு ஒட்டவைத்த சொல்லா என்றால், சில இடங்களில் ஆம், சில இடங்களில் இல்லை.

உலக சுகாதார அமைப்பின் 1946 சாசனமே உடல்நலத்தை நோயின்மை என்று சுருக்கவில்லை. உடல், மனம், சமூகம் மூன்றும் முழு நலத்தோடு இருப்பது என்றது. 1986இல் ஒட்டாவாவில் வெளியான பிரகடனம் நலத்துக்கான முன்நிபந்தனைகளை வரிசையாகச் சொல்கிறது. முதலில் நிற்பது மருந்தோ மருத்துவமனையோ அல்ல, அமைதி. கடைசியில் சமூக நீதி. ஆக இந்த மூன்றையும் சேர்த்தது ஏதோ ஒரு பல்கலைக்கழக விளம்பரப் பிரிவின் கைவண்ணம் அல்ல, சுகாதாரத் துறை நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருவது.

நடைமுறையிலும் பாருங்கள். 1985இல் எல் சால்வடாரில் உள்நாட்டுப் போரின் நடுவே, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரு தரப்பும் குறிப்பிட்ட நாட்களில் சுடுவதை நிறுத்தின. யுனிசெஃப் பேசியது, தேவாலயம் நடுவில் நின்றது. போர் முடிந்தது 1992இல்தான். ஆனால் எதிரெதிர் தரப்பினர் ஒரு வாக்கைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்குத் தடுப்பூசிப் பெட்டி சாட்சியாக இருந்தது. சுகாதாரப் பணியாளர் பேச்சுவார்த்தையாளராக மாறும் இடம் இது. இதைச் சொல்லித் தரும் படிப்பு வீண் போகாது.

மறுபக்கமும் உண்டு. நல்வாழ்வை அளப்பதற்கு ஏணிக் கேள்வி ஒன்று உலகமெங்கும் பயன்படுகிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள். உங்களால் எண்ணிப் பார்க்க முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை இதை வைத்துத்தான் வருகிறது. நல்ல கருவி, எளிமையானது. ஆனால் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர் தன் ஆசையையே சுருக்கிக்கொள்வார் என்று அமர்த்திய சென் எப்போதோ எச்சரித்தார். அவர் ஆறாம் படி என்று சொன்னால் அது நலமா, பழக்கமா? இந்தக் கேள்வியை எழுப்பாமல் மகிழ்ச்சிக் குறியீட்டை மட்டும் கற்பிக்கும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். நல்வாழ்வு என்ற தலைப்பில் மாணவர்களுக்கு மூச்சுப் பயிற்சி நடத்தி அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்கும் படிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். முதுகலைக் கட்டணம் கட்டிக் கற்க வேண்டியது அல்ல.

பாதைதேடி

எல்லோருக்கும் நன்றி. உப்புக்காற்று சொன்ன ஏணி எங்கள் முகாமிலும் உண்டு, வேறு பெயரில். அவசரநிலை உளநல உதவிக்கான 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் வரும் நான்கு அடுக்குக் கூம்பையும் மனப்பாடமாகச் சொல்வோம்: அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், மேலே போகப் போகச் சிறப்புச் சிகிச்சை.

ஒரு முறை தூக்கம் பற்றிய வினாத்தாளோடு ஓர் அம்மாவிடம் அமர்ந்திருந்தேன். மகனைக் கூட்டிப் போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்பது கேள்வி. அவர் விரலைத் தாளின் மேல் வைத்துக்கொண்டே, "எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூங்குவேன், இதில் எந்தக் கட்டத்தில் எழுதுவாய் மகளே?" என்றார். எழுதுவதற்குக் கட்டம் இல்லை. "தினமும்" என்பதில் குறியிட்டேன். அவரை மனச்சோர்வுப் பிரிவுக்கு அனுப்பினோம். மருந்து கொடுத்தார்கள்.

நான் படிக்க விரும்புவது இதற்காகத்தான். எதிர்வாதி ஐயா, இவருக்கு வழக்கறிஞர் தேவையா, செவிலியர் தேவையா?

எதிர்வாதி

இருவரும் தேவை. அதோடு தடயவியல் நிபுணரும்.

வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24ஆம் பிரிவு குடும்பத்தினரையும் பாதிக்கப்பட்டவர்களாகவே கணக்கில் எடுக்கிறது. உண்மையை அறியும் உரிமையையும் தருகிறது. நீங்கள் சொன்ன அம்மா கேட்டது சிகிச்சை அல்ல, அந்த உரிமை. இதை உங்கள் வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன்.

உப்புக்காற்று

இதற்கு உளவியலில் ஒரு பெயரே இருக்கிறது: தெளிவற்ற இழப்பு. பாலின் பாஸ் 1970களில் வரையறுத்தது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துக்கம் முடிவதும் இல்லை, தொடங்குவதும் இல்லை. இதைச் சாதாரண மனச்சோர்வாக எண்ணி மருந்து கொடுத்தால் போதாது. போருக்குப் பின் பொஸ்னியாவில் மரபணுச் சோதனை வழியாக ஆயிரக்கணக்கான உடல்களுக்குப் பெயர் மீட்டுக் கொடுத்தார்களே, அந்தப் பணி நீதிமன்றச் சான்றாகவும் ஆனது, குடும்பங்களுக்கு ஈமச்சடங்காகவும் ஆனது. பாதைதேடி, உங்கள் ஆய்வேட்டுத் தலைப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது.

வடக்குவாசல்

தலைப்பு இருக்கிறது சரி. ஆனால் எச்சரிக்கை. நான் படித்தது ஓராண்டுப் படிப்பு, இடம் சொல்லப் போவதில்லை. ஆய்வேட்டுக்காக வன்முறையில் தப்பியவர்களை நேர்காணச் சக மாணவர்கள் சிலர் பறந்தார்கள். அறநெறிக் குழுவின் படிவத்தில் ஒப்புதல் கையெழுத்து, தரவுப் பாதுகாப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. நேர்காணலின் நடுவே ஒருவர் உடைந்து அழுதால் யாரிடம் கொண்டு போவது என்பதற்கு ஒரே ஒரு வரி: "உள்ளூர் அமைப்புகளுக்குப் பரிந்துரைக்கப்படும்." அப்படி ஓர் அமைப்பு அந்த ஊரில் இல்லை. ஒரே மனிதரிடம் ஆண்டுதோறும் புதிய மாணவர் வந்து அதே கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார். அந்த மனிதருக்கு ஆய்வேட்டின் ஒரு பிரதிகூடப் போய்ச் சேர்வதில்லை.

ஓராண்டுப் படிப்பில் களப்பணிக்கான காலம் இயல்பாகவே நெருக்கடியானது. ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டு என்றால் 60 பாடப்புள்ளி (கிரெடிட்), ஈராண்டு என்றால் 120. இந்த வித்தியாசம் முழுவதும் ஆய்வுமுறையிலும் ஆய்வேட்டிலும்தான் தெரியும். உங்களுக்குக் கள அனுபவம் இருப்பதால் ஓராண்டு போதும் என்று சேர்க்கைப் பிரிவு சொல்லும். நம்பாதீர்கள்.

கணக்கர்

எல்லோரும் உயரமான விஷயங்களைப் பேசிவிட்டீர்கள். பணம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சுவீடன் 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. நார்வே 2023இல் அதே வழிக்குப் போய்விட்டது. பழைய வலைப்பதிவுகளைப் படித்துவிட்டு "நார்வேயில் இலவசம்" என்று கிளம்பாதீர்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இன்னும் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் விதிவிலக்கு, ஓர் அரையாண்டுக்கு 1,500 யூரோ. கோஸ்டா ரிக்காவில் ஐ.நா. பொதுச்சபை 1980இல் உருவாக்கிய அமைதிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐ.நா. பெயர் இருந்தாலும் ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவிலிருந்து அதற்குப் பணம் வருவதில்லை, ஆகவே கட்டணம் உண்டு.

உதவித்தொகையில் இந்தத் துறைக்கென்றே இருப்பது ரோட்டரி அமைதி உதவித்தொகை. உப்சாலா, பிராட்ஃபோர்டு, டோக்கியோ போன்ற இடங்களில் முதுகலைக்குக் கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்றாண்டு முழுநேரப் பணி அனுபவம் வேண்டும். சொந்த நாட்டில் படிக்க முடியாது. ரோட்டரி உறுப்பினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் விண்ணப்பிக்க முடியாது. பிரிட்டன் என்றால் அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை; 2,800 மணிநேரப் பணி அனுபவம் கேட்பார்கள், முடித்தபின் இரண்டாண்டு நாடு திரும்பியிருக்க வேண்டும்.

வேலை? 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்ட பிறகு இந்தத் துறையில் ஆள்குறைப்பு நடக்காத அமைப்பைத் தேட வேண்டியிருக்கிறது. ஐ.நா. செயலகத்தில் பயிற்சிப் பணிக்கு ஊதியமே கிடையாது. ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ கைக்காசில் சாப்பிட முடிந்தவர்களுக்கே அது. மிச்சமிருக்கும் வேலைகளில் கணிசமானவை கண்காணிப்பு, மதிப்பீடு சார்ந்தவை. அங்கே உங்கள் பட்டத்தின் பெயரை யாரும் பார்ப்பதில்லை. ஆய்வுக் கணக்கெடுப்பை வடிவமைக்கத் தெரியுமா, தரவைப் படிக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். நான் இந்தப் பக்கத்தில் ஆள் எடுக்கும் வேலை பார்ப்பவன், அதனால் சொல்கிறேன்.

மேசைவிளக்கு

கணக்கர் சொன்னதற்கு மேல் ஒரு வரி. புள்ளியியல் என்றதும் பயப்பட வேண்டாம். கணக்கு வராது என்று அழுதுகொண்டே சேர்ந்து, கடைசியில் எங்களுக்கே சொல்லிக் கொடுத்த சமூகப் பணியாளர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பாதைதேடி

ஈராண்டின் பக்கம் சாய்கிறேன். ஆனால் அங்கே நல்வாழ்வுக்கும் உளநலத்துக்கும் ஒரு பாடம்கூட இல்லை, அதுதான் உறுத்துகிறது. இரண்டு இடங்களுக்கும் மின்னஞ்சல் எழுதப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

நீலப்பென்சில்

முதலில் முழுப் பாடத்திட்டத்தையும் வாராந்திர வாசிப்புப் பட்டியலோடு கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். ஈராண்டுக்காரர்களிடம், பொதுச் சுகாதாரத் துறையிலிருந்தோ சட்டத் துறையிலிருந்தோ விருப்பப் பாடம் எடுத்துப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள், கையேட்டில் மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். ஓராண்டுக்காரர்களிடம், பாதிக்கப்பட்டவர்களை நேர்காணும் ஆய்வேட்டுக்கு அறநெறி ஒப்புதல் கிடைக்க எத்தனை வாரம் ஆகும், மேற்பார்வையாளர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். கடந்த ஆண்டு முடித்தவர்களில் இருவரின் தொடர்பையும் வாங்குங்கள், அவர்களே தேர்ந்தெடுத்துத் தருபவர்களாக இல்லாமல்.

எதிர்வாதி

சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைக் கெடு பெரும்பாலும் சேர்க்கைக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே முடிந்துவிடும். அனுமதி கையில் இருக்கிறது என்று கடன் வாங்கிச் சேர்ந்துவிடாதீர்கள். பரிந்துரைக் கடிதத்துக்குச் சட்டத் துறையிலிருந்து ஒருவர் தேவைப்பட்டால் தனிமடலில் கேளுங்கள். முதலில் உங்கள் வேலையைப் பற்றி ஒரு மணிநேரம் பேச வேண்டியிருக்கும், அது தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.